பதிமூன்றாம் நம்பர்

கேள்வி: ஒரு தேர்தலில்கூடத் தோற்காமல் 13 முறை எம்.எல்.ஏ. ஆனவர் கலைஞர். இந்தச் சாதனையை இனி யாராவது முறியடிக்க முடியுமா?

பதில்: பதிமூன்றா! அந்த எண்ணுக்குப் பயந்து 12ஆம் மாடிக்கு மேல் நேராக 14ஆம் மாடி கட்டுகிற ஓட்டல்கள் உண்டு. மஞ்சள் துண்டு ஏன் போட்டார் என்று வருடக்கணக்கில் துருவியவர்கள் இதை எப்படி விட்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

கேரளத்தின் கே.எம்.மாணியும் 13 முறை ஜெயித்தவர்தான். கலைஞர் குளித்தலையில் தொடங்கி திருவாரூர் வரை ஏழு தொகுதி மாறினார். மாணி பாலா தொகுதியை விட்டு நகரவே இல்லை. நிதியமைச்சராக அவர் போட்ட பட்ஜெட்டும் 13. அந்தப் பதிமூன்றாவது பட்ஜெட்டுக்கு வாய்த்த நாள் 2015 மார்ச் 13, வெள்ளிக்கிழமை! பார் உரிமையாளர்களிடம் லஞ்சம் வாங்கினார் என்ற புகாருக்கு ஆளானவர் பட்ஜெட் படிக்கக் கூடாது என்று இடதுசாரி உறுப்பினர்கள் மேடையேறி, சபாநாயகரின் நாற்காலியையே தூக்கி எறிந்தார்கள். மாணி அசரவில்லை, படித்துவிட்டார். ஆளுங்கட்சிக்காரர்கள் லட்டு கொடுத்துக் கொண்டாடினார்கள். அந்த ரகளை வழக்கில் சேர்க்கப்பட்ட ஒருவர் பிற்பாடு கல்வி அமைச்சர் ஆனார். மாணியின் மகன் 2020இல் அதே இடதுசாரிக் கூட்டணியில் போய்ச் சேர்ந்தார். ‘கேரளாவைப் பாருய்யா, சட்டசபைன்னா அது’ என்று எனக்குப் பாடம் எடுக்கும் நண்பர் ஒருவர் உண்டு. ஒவ்வொரு மார்ச் மாதமும் அவருக்கு இதை ஞாபகப்படுத்துகிறேன். உடனே பேச்சை மழைக்கு மாற்றிவிடுகிறார்.

நம் சட்டசபையிலும் ஒரு நாற்காலிக் கதை உண்டு. 2011க்குப் பிறகு, சக்கர நாற்காலியோடு உட்கார ஏற்ற இடம் கொடுங்கள் என்று கலைஞருக்காக தி.மு.க. கேட்டது. கிடைக்கவில்லை. ஐந்து முறை முதல்வராக இருந்தவர் வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். இதைக் கேட்டு வெட்கப்பட்ட ஆளுங்கட்சிக்காரர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

சரி, சாதனைக்கு வருவோம். தோற்கவில்லை, உண்மை. ஆனால் 1980இல் அண்ணா நகரில் 699 ஓட்டில் தப்பினார். 1991இல் துறைமுகத்தில் 890. அந்த 1991 வெற்றியை உடனே ராஜினாமா செய்துவிட்டார். 1983இலும் ஈழத் தமிழருக்காகப் பதவியை விட்டார். 1984இல் நிற்கவே இல்லை. ஜெயித்ததை எண்ணுகிறோமே தவிர, உள்ளே போய் என்ன பேசினார்கள் என்று யார் பார்க்கிறோம்? பல வருடமாக நான் புலம்புவது இதைத்தான். 1957இல் குளித்தலையிலிருந்து போன அந்த 32 வயதுக்காரர் சபையில் முதலில் பேசியது நங்கவரம் விவசாயிகளுக்காக.

உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. முதன்முதலில் எதைப் பற்றிப் பேசினார்? தெரிந்தால் எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன். வாயே திறக்கவில்லை என்றாலும் எழுதுங்கள். அதற்குத் தனிப் பக்கம் ஒதுக்கலாம்.