எம்கியூவில் 2192 பிழை வருவது கியூ நிரம்பியதால் அல்ல

வணக்கம். ஸெட்/ஓஎஸ் மெயின்பிரேமில் ஓடும் ஐபிஎம் எம்கியூவில் (புரோகிராம்களுக்கிடையே மெசேஜ்களைக் கியூவில் வைத்துக் கடத்தும் மென்பொருள்) கியூ டெப்த், அதாவது இப்போது இருக்கும் மெசேஜ்கள், 40,000தான், உச்ச வரம்பான மேக்ஸ்டெப்த் 5,00,000. ஆனாலும் புட் செய்தால் (மெசேஜைக் கியூவில் போட்டால்) 2192 என்ற பிழை எண் வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மேக்ஸ்டெப்தை ஏற்றிப் பயனில்லை. கியூ நிரம்பினால் 2053 வரும். 2192 என்றால் அடியில் இருக்கும் பேஜ்செட் (மெசேஜ்கள் டிஸ்கில் சேமிக்கப்படும் ஃபைல்) நிரம்பிவிட்டது. அதே பேஜ்செட்டை வேறு கியூக்களும் பகிர்ந்துகொள்ளும். இடத்தைத் தின்றது உங்கள் கியூவாகவே இருக்க வேண்டியதில்லை.

கியூவின் எஸ்டிஜிகிளாஸை (கியூ எந்தப் பேஜ்செட்டில் இருக்கிறது என்று சொல்லும் ஸ்டோரேஜ் கிளாஸ்) பார்த்துப் பேஜ்செட் எண்ணைப் பிடியுங்கள். பிறகு 'டிஸ்ப்ளே யூசேஜ் பிஎஸ்ஐடி(எண்)' கொடுங்கள். ஒரு பேஜ் 4 கேபி. உங்கள் மெசேஜ் 6 கேபி என்றால் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 2 பேஜ், ஆக 40,000 மெசேஜுக்கு 80,000 பேஜ். கணக்கு பொருந்தாவிட்டால் அதே பேஜ்செட்டில் டெட் லெட்டர் கியூ (சேர வேண்டிய இடத்தில் சேராத மெசேஜ்கள் போகும் கியூ) இருக்கிறதா பாருங்கள். நான் ஒரு இரவு முழுக்கத் தேடியது அங்கேதான் கிடைத்தது.

பேஜ்செட் எக்ஸ்பேண்ட்(நன்), அதாவது தானாக விரியாது, என்று இருந்தால் 'ஆல்டர் பிஎஸ்ஐடி(எண்) எக்ஸ்பேண்ட்(யூசர்)' கொடுங்கள். கியூ மேனேஜர் தொடங்கும்போது படிக்கும் சிஎஸ்கியூஐஎன்பி1-இல் உள்ள பேஜ்செட் டெஃபனிஷனையும் மாற்றிவிடுங்கள். லாகில் சிஎஸ்கியூபி014இ என்ற செய்தி தெரிந்தால் விரிவாக்கம் தோற்றிருக்கிறது. வால்யூமில் இடம் இருக்கிறதா என்று ஸ்டோரேஜ் குழுவிடம் கேளுங்கள்.

தயவுசெய்து கியூ மேனேஜரை ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். பெர்சிஸ்டன்ட் (ரீஸ்டார்ட்டைத் தாண்டியும் நிலைக்கும்) மெசேஜ்கள் அப்படியே இருக்கும், நான்-பெர்சிஸ்டன்ட் மட்டும் தொலைந்துபோகும்.

இடம் கிடைத்ததும் 'டிஸ்ப்ளே கியூஸ்டேட்டஸ்' போட்டு ஐபிப்ராக்ஸ் (மெசேஜ் எடுக்கக் கியூவைத் திறந்து வைத்திருப்பவற்றின் எண்ணிக்கை) பாருங்கள். பூஜ்யமென்றால் மெசேஜை எடுக்க எந்தப் புரோகிராமும் கியூவைத் திறந்து வைத்திருக்கவில்லை. அதிலேயே அன்காம் 'யெஸ்' என்றால் யாரோ தங்கள் மாற்றங்களைக் கமிட் செய்யாமல் (உறுதிப்படுத்தாமல்) வைத்திருக்கிறார்கள். இந்த இரண்டின் விடையையும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.