விசாரணை கேட்கும் முன் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள்

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் குடியிருக்கிறோம். தெருவிளக்கு எரியவில்லை என்றால் ‘ஃபண்ட் இல்லை’ என்கிறார்கள். தூய்மைப் பணியாளர்களுக்குச் சம்பளம் தள்ளித் தள்ளிப் போகிறது. வீட்டு வரி மட்டும் ஏறிவிட்டது. நகராட்சியின் நிதி நிலையை விசாரிக்கச் சொல்லி எங்கள் குடியிருப்போர் சங்கம் கலெக்டர் ஆபீசில் 2 முறை மனு கொடுத்தும் பலனில்லை. ஐகோர்ட் மதுரைக் கிளையில் பொதுநல வழக்குப் போட்டுத் தருவதாக ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் உங்கள் மனு என்ன ஆனது என்று பார்ப்போம்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்திருப்பீர்கள். அதற்கு ஒரு எண் போட்டு, ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று அதே நகராட்சி ஆணையருக்கே அனுப்பியிருப்பார்கள். யார் மீது புகாரோ அவரே உட்கார்ந்து, ‘நிதிநிலைக்கு ஏற்ப நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று பதில் எழுதியிருப்பார். அதோடு மனு முடிந்ததாகக் கணக்கு. முப்பது வருஷம் தணிக்கையில் இருந்தவன் நான். இந்தச் செக்குமாட்டுச் சுற்றைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

ஆனால் மனுவிலும் கோளாறு உண்டு. ‘விசாரிக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். விசாரணை என்று ஒன்றைப் புதிதாகத் தொடங்கவும் வேண்டாம். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை நகராட்சிக் கணக்கைப் பார்த்து அறிக்கை கொடுக்கிறது. அதற்கென்று 2014-ல் தனிச் சட்டமே வந்தது. எங்கே தப்பு, எவ்வளவு ரூபாய், யார் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அந்த அறிக்கையில் ‘தணிக்கைத் தடை’ என்ற பெயரில் பத்தி பத்தியாக எண் போட்டு இருக்கும். வருஷக்கணக்கில் பதில் சொல்லப்படாமல் தூங்கும் தடைகள் உண்டு. உங்களுக்கு வேண்டியது அந்தப் பத்தி எண்கள்தான்.

அதை எப்படி வாங்குவது? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் போதும். ‘ஏன் பணம் இல்லை?’ என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பது கேள்வி, ஆவணம் ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். கடைசி 3 வருஷத் தணிக்கை அறிக்கையின் நகல், நிலுவையில் உள்ள தடைகளின் பட்டியல், சொத்து வரிக்கும் நகராட்சிக் கடை வாடகைக்கும் உள்ள கேட்பு (வசூலாக வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பட்டியல். இவ்வளவுதான் கேட்க வேண்டும். பக்கத்துக்கு 2 ரூபாய் ஆகும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். சங்கத்தின் லெட்டர்பேடில், சங்கத்தின் பெயரில் மனு போடாதீர்கள். சட்டம் தகவல் கேட்கும் உரிமையைக் ‘குடிமக்களுக்கு’த்தான் கொடுத்திருக்கிறது. சங்கம் குடிமகன் இல்லை. இதையே காரணம் காட்டி 30-வது நாளில் திருப்பி அனுப்புவார்கள். ஒரு மாதம் வீண். செயலாளர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, போதாதா என்பீர்கள். அவர் தன் சொந்தப் பெயரையும் வீட்டு முகவரியையும் தெளிவாக எழுதியிருந்தால் ஏற்கலாம், ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அதைச் சாக்காக வைத்து ஒருவர் இழுத்தடிக்க நினைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதனால் சங்கத்தில் யாராவது ஒருவர் தன் பெயரில், தன் வீட்டு முகவரியில் போடட்டும். முத்திரை, ரப்பர் ஸ்டாம்ப் எதுவும் வேண்டாம். சங்கத்தின் பெயரை அப்புறம் புகாரில் பெரிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

‘சாரே, ஃபைல் தணிக்கைக்குப் போயிருக்கு’ என்று கவுண்டரில் சொல்வார்கள். போயிருந்தால், உங்கள் மனுவை 5 நாளுக்குள் அந்த அலுவலகத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் தகவல் ஆணையம். ஆணையத்தில் எப்போது விசாரணைக்கு எடுப்பார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

அறிக்கை கைக்கு வந்ததும் எங்கே பார்ப்பது? நம் நகராட்சிகளில் வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று தனித்தனிக் கணக்குகள். சம்பளத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் போட்டுவிட்டு, பிறகு திருப்பி வைக்காமல் விட்டுவிடுவார்கள். இது தணிக்கையில் கட்டாயம் தடையாக வரும். நீங்கள் கட்டும் வீட்டு வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் வசூலாகிறது. அந்தப் பணம் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் பாருங்கள். கடை வாடகை நிலுவையைத் தனியாகப் பாருங்கள். ஏழை வீட்டுக் குழாயைத் துண்டிக்க ஓடுகிற நகராட்சி, பஸ் நிலையத்துக் கடைக்காரரிடம் வருஷக்கணக்கில் வாடகை கேட்காமல் இருக்கும்.

வீட்டு வரி உயர்வை மட்டும் ஊழலோடு முடிச்சுப் போடாதீர்கள். 2022-ல் மாநிலம் முழுக்க ஏறியது அது. மத்திய அரசின் 15-வது நிதிக்குழு மானியம் வாங்க விதித்த நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. அதே நிபந்தனைகளில் இன்னொன்று, கணக்கை இணையத்தில் பொதுமக்கள் பார்க்கும்படி போட வேண்டும் என்பது. மத்திய அரசின் ‘சிட்டி ஃபைனான்ஸ்’ தளத்தில் உங்கள் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். காசு கொடுக்காமலே வரவு செலவு கிடைக்கும்.

சரி, அந்த 40,000 ரூபாய்க்காரர். இப்படி ஆட்கள் மாவட்டம் முழுக்க இருக்கிறார்கள். ‘ஆர்.டி.ஐ. ஆர்வலர்’ என்று விசிட்டிங் கார்டு வைத்திருப்பார்கள். சங்கத்திடம் காசு வாங்கி மனுப் போடுவார்கள், மனு நகலைக் காட்டி ஒப்பந்தக்காரரிடமும் காசு வாங்குவார்கள், பிறகு ‘கேஸ் வீக் ஆயிட்டு’ என்பார்கள். என் பணிக்காலத்தில் ஒருவர் தணிக்கைத் தடை நகலை வைத்தே வீடு கட்டினார். உண்மையாக உழைக்கும் ஆர்வலர்களும் உண்டு, ஆனால் அவர்கள் முன்பணம் கேட்க மாட்டார்கள். ஆவணம் இல்லாமல் மதுரைக் கிளைக்குப் போனால், பெரும்பாலும் ‘மனுதாரரின் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்தில் முடிவெடுக்கவும்’ என்ற உத்தரவுதான் கிடைக்கும். சுற்றி வந்து அதே ஆணையர் மேஜையில்தான் விழும்.

பத்தி எண் கையில் இருந்தால் கதை வேறு. முதலில் உங்கள் வார்டு கவுன்சிலரிடம் கொடுத்து மன்றக் கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். மன்றத்தில் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். வார்டு மக்களைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறை கேட்கும் பகுதி சபைக் கூட்டத்திலும் எழுந்து கேளுங்கள். 2022 நவம்பர் 1 முதல் அது நடக்கிறது, பாதி ஊருக்குத் தெரியாது. பிறகு நகராட்சி நிர்வாகத்தின் திருநெல்வேலி மண்டல இயக்குநருக்கும், தணிக்கைத் துறைக்கும் ‘இந்த வருஷம், இந்தப் பத்தி, இவ்வளவு ரூபாய், இன்னும் தீர்க்கப்படவில்லை’ என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இழப்புக்குக் காரணமானவரிடமே பணத்தை வசூலிக்கும் தண்டத்தீர்வை என்ற வழி இருக்கிறது; அதை எடுத்தார்களா என்று கேளுங்கள். முறைகேடு தெளிவாகத் தெரிந்தால் உள்ளாட்சி அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் உள்ளாட்சி முறைமன்ற நடுவரிடம் சென்னையில் நேரடியாகப் புகார் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை.

எல்லாவற்றையும் ஸ்பீட் போஸ்டில் (பழைய பதிவுத் தபால் 2025-ல் அதோடு இணைக்கப்பட்டுவிட்டது) அனுப்பி, ரசீதையும் ஒப்புகையையும் பத்திரமாக வையுங்கள். மேல்முறையீட்டுக்கு நாள் கணக்குப் பார்க்க அது வேண்டும்.