பழைய ஸ்பீக்கர், புதுப் பெட்டி: வாசகர் கேள்விகள்

கேள்வி: பழைய 12 அங்குல வூஃபர் (பேஸ் ஸ்பீக்கர்) ஜோடி ஒன்று கிடைத்தது. கோனை (அசைந்து சத்தம் எழுப்பும் கூம்பை) சுற்றியிருக்கும் ஃபோம் தொட்டாலே பொடியாக உதிர்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: ஐயோ, போட்டுவிடாதீர்கள். அந்த பாலியூரிதேன் ஃபோமின் ஆயுளே அவ்வளவுதான். நீங்கள் பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும் காற்றிலிருக்கும் ஈரம் அதைத் தின்றுகொண்டே இருக்கும், பதினைந்து இருபது வருடத்தில் உதிர்ந்துவிடும். முதலில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் சுமார் 6 ஓம் காட்டும், டி.சி.யில் அளந்தால் அப்படித்தான், பயப்பட வேண்டாம். ஒன்றுமே காட்டாவிட்டால் வாய்ஸ் காயில், அதாவது கோனை அசைக்கும் கம்பிச் சுருள், எங்கோ அறுந்திருக்கிறது. அப்புறம் இரண்டு கை விரல்களையும் கோனைச் சுற்றிச் சமமாக வைத்து, காதைக் கிட்டே கொண்டுபோய், மெல்ல அழுத்தி விடுங்கள். உரசும் சத்தம் வந்தால் உடனே காயில் போச்சு என்று முடிவு கட்ட வேண்டாம். ஃபோம் போன கோன் பிடிமானம் இல்லாமல் சாய்ந்து நிற்கும், அதனாலும் உரசும்.

புது ஃபோம் ஒட்டுவது பெரிய வித்தை இல்லை, பொறுமைதான் வேண்டும். பழைய பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுச் சுரண்டி எடுக்கவே ஒரு மாலை போய்விடும். நான் முதல் முறை செய்தபோது அவசரப்பட்டு, கோன் நடுவில் நிற்கிறதா என்று பார்க்காமலேயே ஒட்டிவிட்டேன். மறுநாள் பாட்டுப் போட்டால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கரகரப்பு! எல்லாவற்றையும் பிய்த்துத் திரும்ப ஒட்டினேன். இப்போதெல்லாம் நடுவிலிருக்கும் டஸ்ட் கேப்பைப் பிளேடால் கழற்றி, காயிலுக்கும் உள்ளே இருக்கும் இரும்புக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகளைச் சுற்றிலும் செருகிவிட்டுத்தான் பசையைத் தொடுவேன். உங்கள் ஸ்பீக்கரில் ஃபோமுக்குப் பதில் மடிப்பு மடிப்பான துணி இருந்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, அது அறுபது வருடம் கழித்தும் நன்றாக இருக்கும்.

கேள்வி: பழைய ஜேபிஎல் ஸ்பீக்கர். 1.5 வோல்ட் பேட்டரியின் பாசிட்டிவைச் சிவப்பு முனையில் வைத்தால் கோன் உள்ளே போகிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. ஜேபிஎல்லின் பழைய வழக்கமே அது, கருப்பு முனையில் பாசிட்டிவ் கொடுத்தால்தான் கோன் வெளியே வரும். வேறு கம்பெனி ட்வீட்டரோடு (உயர்ந்த சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) சேர்க்கும்போது மட்டும் இதை மறந்துவிடாதீர்கள், ஒன்று உள்ளே போகும்போது மற்றது வெளியே வரும்.

கேள்வி: ஆல்னிகோ மேக்னெட் என்று சொல்லி இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்ததுதான் ஆல்னிகோ. 1970களின் கடைசியில் கோபால்ட் தோண்டும் ஸயீரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) கலவரம் வந்து கோபால்ட் விலை எகிறியதால் கம்பெனிகள் மலிவான ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. ஃபெரைட் ஒசத்தி என்று யாரும் மாறவும் இல்லை, ஆல்னிகோ ஒசத்தி என்று யாரும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கவும் இல்லை, காசுக் கணக்குத்தான். நான் கோனும் காயிலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்துத்தான் விலை பேசுவேன். ஆல்னிகோ வாங்கினால் ஒன்று மட்டும்: சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மேக்னெட்டைப் பிரித்துவிடாதீர்கள், காந்த பலம் குறைந்துவிடும்.

கேள்வி: 15 அங்குலப் பழைய ஸ்பீக்கரை 60 லிட்டர் மூடிய பெட்டியில் வைத்தேன். பேஸே இல்லை!

பதில்: இருக்காது. சின்ன மூடிய பெட்டியில் ஆழமான பேஸ் வாங்கும் முறையை எட்கர் வில்ச்சர் 1954இல் ஏஆர்-1 ஸ்பீக்கரில் கொண்டுவந்தார், ஆனால் அதற்கென்றே கனமான கோனும் தளர்வான தொங்கலும் (கோனைத் தாங்கும் பிடிமானம்) உள்ள வூஃபரைச் செய்துகொண்டார். உங்களுடையது அநேகமாக லேசான கோன், பலமான மேக்னெட், இறுக்கமான தொங்கல். குறைந்த வாட்டில் பெரிய சத்தம் தரச் செய்தது, பெரிய பெட்டி கேட்கும். எவ்வளவு பெரியது என்று ஊகிக்க வேண்டாம். ஸ்பீக்கரை அளந்து அதற்கேற்ற பெட்டியைக் கண்டுபிடிக்கும் தீல், ஸ்மால் இருவரின் கணக்குகள் 1961இலிருந்துதான் வந்தன, அதனால் அதற்கு முந்தைய கேட்லாக்கில் அந்த எண்களைத் தேடிப் பயனில்லை. ஒரு ரெசிஸ்டரும் கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டும் இருந்தால் வீட்டிலேயே அளந்துவிடலாம். அளந்த பிறகு மரம் வாங்குங்கள்.

கேள்வி: க்ராஸ்ஓவரில் (சத்தத்தை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) பழைய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களை எடுத்துவிட்டு ஃபிலிம் கெபாசிட்டர் போட்டேன். இப்போது ட்வீட்டர் காதைக் குத்துகிறது.

பதில்: பழையது காய்ந்து, உள்தடை ஏறிப்போய், ட்வீட்டரின் வாயை வருடக்கணக்காகப் பொத்தியிருக்கும், உங்கள் காதும் அதற்கே பழகியிருக்கும். ஒரு வாரம் அப்படியே கேளுங்கள். அப்புறமும் குத்தினால் கெபாசிட்டரோடு வரிசையில் அரை ஓம் ரெசிஸ்டர் ஒன்று போடுங்கள், போதாவிட்டால் ஒரு ஓம். புதிதாக இருந்தபோதே எலக்ட்ரோலிட்டிக்கில் கொஞ்சம் தடை உண்டு, வடிவமைத்தவர் அதையும் கணக்கில் வைத்தே மற்றதைப் போட்டிருப்பார்.