தசை வளர்க்கும் ஸ்டீராய்டுகளுக்குத் தடை தேவையா? கேள்வி பதில்

விளையாட்டு மருத்துவத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். அவற்றுள் சில ஆண்டுகள், போட்டி முடிந்த கையோடு வீரர்களிடம் சிறுநீர் மாதிரி பெறும் சோதனை அறைகளில் கழிந்தவை. ஸ்டீராய்டு தடையைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், ஓட்டப் பயிற்சிக்குச் செல்லும் என் மகள் ஆஸ்துமாவுக்காக ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் பயன்படுத்துகிறாள். போட்டிகளில் அவளைத் தடை செய்துவிடுவார்களா?

பதில்: அஞ்ச வேண்டாம் அம்மா. ஸ்டீராய்டு என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். உங்கள் மகள் உறிஞ்சுவது வீக்கத்தையும் ஒவ்வாமையையும் தணிக்கும் கார்ட்டிகோஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது. அது தசையை வளர்ப்பதில்லை. மருத்துவர் சொன்ன அளவில் இன்ஹேலர் வழியாக எடுத்துக்கொள்வதற்கு உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் விதிகளில் தடை இல்லை. ஊசியாகவோ மாத்திரையாகவோ அதே வகை மருந்து தேவைப்பட்டால், போட்டிக் காலத்துக்கு முன்பே சிகிச்சைக்கான விலக்கு கோரி விண்ணப்பிக்கலாம். நாம் இங்கே பேசப்போவது இன்னொரு கிளையைப் பற்றி: ஆண் ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனும் அதன் சாயலில் ஆய்வகங்களில் உருவாக்கப்பட்ட ஸ்டானோசொலால், நான்ட்ரோலோன் போன்ற அனபாலிக், அதாவது தசை வளர்க்கும், ஸ்டீராய்டுகளும். தயவுசெய்து பெயர்க் குழப்பத்தால் குழந்தையின் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: உழைக்காதவனுக்கு ஊசி போட்டாலும் பயன் இல்லை, உழைப்பவனுக்குத்தான் அது கைகொடுக்கும் என்கிறார்கள். அப்படியானால் ஸ்டீராய்டு ஏமாற்று எப்படி ஆகும்?

பதில்: அந்தக் கூற்றின் முதல் பாதியே தவறு. 1996-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் ஆரோக்கியமான 43 ஆண்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டு குழுக்களுக்கு வாரம் 600 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், மற்ற இரண்டுக்கும் மருந்தில்லாத வெற்று ஊசி. ஒவ்வொரு இணையிலும் ஒரு குழு எடைப் பயிற்சி செய்தது, மற்றது செய்யவில்லை. பத்து வாரங்களுக்குப் பின் கொழுப்பு நீங்கலான உடல் எடையை அளந்தபோது, மருந்தின்றிப் பயிற்சி செய்தவர்களுக்கு சுமார் 2 கிலோ கூடியிருந்தது. பயிற்சியே செய்யாமல் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கோ 3 கிலோவுக்கு மேல். இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 6 கிலோ. வியர்வை சிந்தியவரை விடச் சும்மா இருந்தவரின் உடலில் அதிகம் கூடியது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். மருந்து உழைப்புக்குத் துணை நிற்பதோடு நிற்கவில்லை. உழைப்பின் இடத்தையே பிடித்துக்கொள்கிறது.

கேள்வி: வயது வந்தவர் தன் உடலுக்கு எதைச் செய்துகொண்டாலும் அது அவர் உரிமை. மலை உச்சியில் போய்ப் பயிற்சி செய்வதையும் கண்ணுக்கு லேசர் சிகிச்சை செய்துகொள்வதையும் அனுமதிக்கும் நாம், ஸ்டீராய்டை மட்டும் ஏன் தடுக்க வேண்டும்?

பதில்: எனக்கு வந்த கேள்விகளில் மிகவும் வலுவானது இதுதான். எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு பொருளைத் தடைப் பட்டியலில் சேர்க்க வாடா மூன்று அளவுகோல்களை வைத்திருக்கிறது: அது ஆற்றலைக் கூட்டுமா, உடல்நலத்துக்குக் கேடா, விளையாட்டின் உணர்வுக்கு முரணா. மூன்றில் இரண்டு பொருந்தினாலே போதும். மலைப் பயிற்சி ஆற்றலைக் கூட்டினாலும் முறையாகச் செய்தால் உடலைக் கெடுப்பதில்லை. அனபாலிக் ஸ்டீராய்டு நல்ல கொழுப்பைக் குறைக்கும், இதயத்தின் இடது கீழறைத் தசையைத் தடிக்கச் செய்யும், இரத்தத்தைக் கெட்டிப்படுத்தும். மாத்திரை வடிவில் வருபவற்றுள் பல கல்லீரலைப் பழுதாக்கும்.

ஆனால் நான் தடையை ஆதரிப்பதற்கு முதன்மையான காரணம் இந்தப் பட்டியல் அன்று. தனி மனிதரின் உரிமை என்ற வாதம், அவருடைய முடிவு அவரோடு நின்றுவிடும் என்று எண்ணுகிறது. போட்டியில் எந்த முடிவும் ஒருவரோடு நிற்பதில்லை. ஓட்டப்பாதையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள் என்று கொள்ளுங்கள். மூவர் மருந்து எடுக்கலாம் என்று சட்டம் சொல்லி அவர்களும் எடுத்துவிட்டால், மற்ற ஐவருக்கும் இரண்டே வழிகள்தான் மிஞ்சும்: தாமும் எடுப்பது, இல்லையேல் பத்தாண்டு உழைப்பைத் துறந்து வெளியேறுவது. விருப்பம் உள்ளவருக்கு அளித்த அனுமதி, விருப்பம் இல்லாதவருக்குக் கட்டாயமாக மாறிவிடுகிறது.

இது வெறும் ஊகம் அன்று. 1988-ல் சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 விநாடியில் ஓடிய பென் ஜான்சன், ஸ்டானோசொலால் கண்டறியப்பட்டுத் தங்கத்தை இழந்தார். அடுத்த ஆண்டு கனடா அரசு அமைத்த விசாரணையில் அவருடைய பயிற்சியாளர் சார்லி பிரான்சிஸ் சாட்சியம் அளித்தபோது, 1981 முதலே ஜான்சன் ஸ்டீராய்டு எடுத்துவந்ததையும், உச்ச மட்டத்தில் அது இல்லாமல் வெல்ல இயலாது என்று தாம் நம்பியதையும் வெளிப்படையாகச் சொன்னார். தடை காகிதத்தில் மட்டும் இருந்த காலத்திலேயே நிலைமை அப்படி என்றால், காகிதத்திலும் இல்லாமல் போனால் என்ன ஆகும்?

கேள்வி: முந்தைய கேள்வியைக் கேட்டவன்தான் எழுதுகிறேன். மருத்துவர் மேற்பார்வையில், ஓர் அளவுக்குள் மட்டும் அனுமதிக்கலாமே? ரகசியமாகக் கண்டதையும் போட்டுக்கொள்வதை விட அது பாதுகாப்பல்லவா?

பதில்: மருத்துவர் மேற்பார்வை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முன்னாள் கிழக்கு ஜெர்மனி நினைவுக்கு வருகிறது. 1974 முதல் அங்கே அரசுத் திட்டமாகவே ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டது. மருத்துவர்கள் இருந்தார்கள், அளவு குறிக்கப்பட்டது, விஞ்ஞானிகள் விளைவுகளைப் பதிவு செய்தார்கள். ஓரல் டூரினாபோல் என்ற சிறிய நீல மாத்திரையை, வைட்டமின் என்று சொல்லிப் பதின்ம வயதுச் சிறுமிகளின் கையில் கொடுத்தார்கள். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் நீச்சலின் 13 தங்கங்களில் 11 அந்நாட்டுக்குப் போயின. அந்தப் பெண்களில் பலருக்குக் குரல் தடித்தது. முகத்திலும் உடலிலும் முடி வளர்ந்தது. மருந்தை நிறுத்தினாலும் தடித்த குரல் திரும்பி மெலிவதில்லை. 2000-ஆம் ஆண்டில் அத்திட்டத்தின் தலைவர்களாகிய மான்பிரெட் ஏவால்டும் மருத்துவர் மான்பிரெட் ஹோப்னரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பு வந்தது; சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. பதக்கத்துக்குப் பொறுப்பேற்ற மருத்துவர், நோயாளிக்குப் பொறுப்பேற்ற மருத்துவராக இருக்க முடியாது என்பதே என் துணிபு.

அளவு என்பதற்கும் வருகிறேன். ஓர் எல்லையை வகுத்தால் எல்லோரும் அந்த எல்லை வரை கட்டாயம் போவார்கள். வெல்ல விரும்புபவர் அதைத் தாண்டவும் பார்ப்பார். தாண்டியவரைப் பிடிக்க அதே சோதனை, அதே ஆய்வகம், அதே தண்டனை வேண்டியிருக்கும். காவலும் நீங்காது, அனைவரின் உடலிலும் மருந்தும் ஏறியிருக்கும்.

கேள்வி: பிடிபடுபவர்களை விடத் தப்புபவர்களே அதிகம் என்று தோன்றுகிறது. செயல்படாத தடையால் என்ன பயன்?

பதில்: தப்புபவர்கள் உண்டு, அதை மறைத்துப் பேச மாட்டேன். டிஎச்ஜி என்ற ஸ்டீராய்டு, அன்றைய சோதனைகளின் கண்ணுக்குப் படாதபடி உருவாக்கப்பட்டது. 2003-ல் ஒரு பயிற்சியாளர், பயன்படுத்திய ஊசிக்குழல் ஒன்றை அமெரிக்க ஊக்கமருந்து தடுப்பு முகமையிடம் சேர்ப்பித்த பிறகே, டான் கேட்லினின் லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வகம் அதன் கட்டமைப்பைக் கண்டறிந்தது. அந்த ஒரு குழல் வராதிருந்தால் இன்னும் எத்தனை ஆண்டுகள் ஓடியிருக்குமோ!

ஆனாலும் சோதனை நீங்கள் நினைப்பதை விட நெடுங்காலம் நினைவு வைத்திருக்கும். வெளியே கொண்டாட்டம் நடந்துகொண்டிருக்கும்போது, சோதனை அறையில் ஒரு வீரர் நாற்காலியில் அமர்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். உடலில் நீர் வற்றிப்போயிருப்பதால் தேவையான 90 மில்லிலிட்டர் சேர இரண்டு மூன்று மணி நேரம்கூட ஆகும். முத்திரையிட்ட கலன்களில் ஒன்றை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டையை மார்பு வரை உயர்த்தி, கால்சட்டையை முழங்கால் வரை இறக்கி, அதே பாலினத்தைச் சேர்ந்த அலுவலர் நேரில் பார்க்கச் சிறுநீர் கழிக்க வேண்டும். அதை ‘ஏ’, ‘பி’ என்ற இரு குப்பிகளில் அவரே ஊற்றி, மூடியைக் கிளிக் என்ற ஓசை நிற்கும் வரை அவரே திருக வேண்டும். மானத்தைச் சோதிக்கும் அந்த நடைமுறையை எத்தனையோ முறை கூச்சத்தோடு மேற்பார்த்திருக்கிறேன். நேர்மையான வீரர்கள் தங்கள் நேர்மைக்காகத் தரும் விலை அது.

அந்தக் குப்பியைப் பத்தாண்டுகள் வரை பாதுகாத்து மறு ஆய்வு செய்யலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கின் ஆடவர் 94 கிலோ பளுதூக்குதலில் முதல் நான்கு இடங்களைப் பிடித்தவர்களும், அவர்களுக்கு அடுத்து வந்த சிலரும் மறு ஆய்வில் வீழ்ந்தார்கள். இறுதியில் ஐந்தாவதாக வந்த ஈரானியருக்குத் தங்கம், எட்டாவதாக வந்தவருக்கு வெள்ளி, ஒன்பதாவதாக வந்தவருக்கு வெண்கலம் என்று மாறியது. அந்த ஒன்பதாம் இடத்துக்காரரே 2016 ரியோ ஒலிம்பிக்கின்போது நான்ட்ரோலோன் சோதனையில் சிக்கித் திருப்பி அனுப்பப்பட்டவர். இதைத் தடையின் தோல்வி என்று சிலர் சொல்வார்கள். ஐந்தாம் இடத்தில் நின்று வெறுங்கையோடு வீடு திரும்பிய அந்த ஒருவரின் பக்கம் நின்று பார்க்கவே எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: தடைக்காலம் முடிந்து திரும்பினால் பழைய மருந்தின் பலன் போய்விடும் அல்லவா?

பதில்: போய்விடுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தினர் 2013-ல் வெளியிட்ட எலி ஆய்வில், டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது தசை இழைகளில் கூடிய உட்கருக்கள் (இழையின் வளர்ச்சியை இயக்கும் மையங்கள்) மருந்தை நிறுத்திப் பல வாரங்கள் ஆன பின்னும் அப்படியே இருந்தன. மீண்டும் பளு ஏற்றியதும் அந்தத் தசைகள் மற்றவற்றை விட விரைவாகப் பருத்தன. எலியை வைத்து மனிதரை அளந்துவிட முடியாது என்றாலும், தெரிந்தே செய்தவருக்கு முதல் முறையிலேயே நான்கு ஆண்டுத் தடை என்பது மிகை என்று எனக்குப் படவில்லை.

கேள்வி: தெரியாமல் சிக்குபவர்களின் கதி என்ன? புரோட்டீன் பவுடரில் கலப்படம் இருந்ததற்காக வீரரைத் தண்டிப்பது நியாயமா?

பதில்: உடலில் என்ன இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பது விதி. ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் பல நாடுகளிலிருந்து வாங்கிய 634 ஊட்டச்சத்துப் பொருள்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ ஏழில் ஒன்றில், உறையில் குறிப்பிடாத ஹார்மோன் சார்ந்த பொருள்கள் இருந்தன. ஆகவே தெரியாமல் சிக்குவது நடக்கக்கூடியதே. கலப்படத்தை வீரர் நிரூபித்தால் தண்டனை வெறும் கண்டிப்பு வரை குறையலாம். ஆனால் நிரூபிக்கும் சுமை முழுவதும் அவர் தலையில், செலவும் அவருடையது. வசதி உள்ளவர் வழக்கறிஞரை வைத்துக்கொள்வார். இல்லாதவர் மௌனமாக விலகிவிடுவார். இந்த விதியை எடுத்துவிட்டால் எல்லோருமே பவுடர் மீது பழி போடுவார்கள் என்பதால் அது இருக்கத்தான் வேண்டும். என் மனக்குறை வேறு: மருந்தைக் கையில் கொடுத்த பயிற்சியாளர் மீதும் மருத்துவர் மீதும் வாழ்நாள் தடை வரை விதிக்க விதிகளில் இடம் இருந்தும், பெரும்பாலும் வீரரின் பெயர் மட்டுமே செய்தியில் வருகிறது. அவரைச் சுற்றி நின்றவர்களை விசாரிக்காமல் எந்த வழக்கையும் முடித்துவிடக் கூடாது.

கேள்வி: ஐயா, எனக்கு 17 வயது. நான் எந்தப் போட்டிக்கும் போவதில்லை. ஒரே ஒரு சைக்கிள் (சில வாரங்கள் தொடர்ந்து ஸ்டீராய்டு எடுக்கும் ஒரு சுற்று) போட்டால் ஒன்றும் ஆகாது என்று ஜிம் மாஸ்டர் சொல்கிறார். எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. உன் எலும்புகளின் முனைகளில் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் முழுமையாக மூடாமல் இருக்கலாம். ஸ்டீராய்டு அவற்றை முன்கூட்டியே மூடிவிடும், அதோடு உயரம் நின்றுவிடும். வெளியிலிருந்து ஹார்மோன் வந்து குவிந்தால், இனி நாம் சுரக்க வேண்டியதில்லை என்று உடல் முடிவு செய்துகொள்ளும். விரைகள் சுருங்கும், விந்தணு குறையும்.

22 வயது இளைஞர் ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். விரிந்த தோள்கள், திரண்ட கைகள். ஆனால் சட்டையைக் கழற்றச் சொன்னபோது தலைகுனிந்து வெகுநேரம் நின்றார். கூடுதல் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதியை உடல் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றியதால் மார்பின் இருபுறமும் பெண்களுக்குப் போல் திசு வளர்ந்திருந்தது. அறுவைச் சிகிச்சை தவிர வழி இருக்கவில்லை. அவரிடமும் ஒரே ஒரு சைக்கிள் என்றுதான் சொல்லியிருந்தார்கள். மூன்றாவதை முடித்திருந்தார். ஒன்று முடிந்ததும் வந்த தசை வடியத் தொடங்கும், மனமும் சோர்ந்து விழும்; அடுத்ததற்கு அழைப்பது அந்தச் சோர்வுதான்.

கேள்வி: அப்படியானால் போட்டிக்கு வெளியேயும் ஸ்டீராய்டு பயன்படுத்துபவர்களைச் சிறையில் அடைக்க வேண்டும் என்கிறீர்களா?

பதில்: இல்லை. விளையாட்டு விதியும் குற்றவியல் சட்டமும் வேறு வேறு. அமெரிக்கா 1990-ல் இயற்றிய சட்டத்தால், மருந்துச் சீட்டில்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். பிரிட்டனில் விற்பதும் விற்பதற்காக வைத்திருப்பதும் குற்றம். தன் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பது குற்றமாகாது. என் மனம் பிரிட்டனின் வழியையே ஏற்கிறது. பயன்படுத்துபவர் காவலருக்கு அஞ்சினால் மருத்துவரிடமும் வர மாட்டார். விற்பவரிடம், அதிலும் சிறுவர்களுக்கு விற்பவரிடம், எந்தத் தாட்சண்யமும் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டேன், எட்டு மாதங்களுக்கு முன் நிறுத்திவிட்டேன். எப்போதும் களைப்பாக இருக்கிறது. டாக்டரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: நிறுத்தியது பெரிய காரியம், அதற்கு முதலில் என் பாராட்டு. உடலின் சொந்தச் சுரப்பு மீள மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஓர் ஆண்டையும் தாண்டும், சிலருக்குச் சிகிச்சை தேவைப்படும். நாளமில்லாச் சுரப்பி நிபுணர் ஒருவரை, முடிந்தால் இந்த வாரமே பாருங்கள். எடுத்த மருந்துகளின் பெயர், அளவு, கடைசியாகப் போட்ட தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டினால் போதும். காலை நேர டெஸ்டோஸ்டிரோன், விரைகளைத் தூண்டும் ஹார்மோன்களான எல்எச், எப்எஸ்எச், இரத்தக் கொழுப்பு, கல்லீரல் சோதனை, இதயத்துக்கு எக்கோ என்ற ஸ்கேன் ஆகியவற்றை அவர் எழுதித் தருவார். மனம் மிகவும் இருண்டுபோய், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், இந்த வாரம் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். இன்றே உங்களுக்கு நெருங்கிய ஒருவரை அழைத்துக்கொண்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.