சிறையிலிருந்து வந்தவரும் எச்.ஐ.வி.யும்: ஆலோசகரின் பதில்கள்

கேள்வி: அக்கா, எங்கண்ணன் கோவை மத்திய சிறையிலிருந்து வந்து பத்து நாளாச்சு. மாத்திரை தீரப் போகுது. திருப்பூர் ஜி.எச்.சில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று போகமாட்டேன் என்கிறார்.

பதில்: திருப்பூரில்தான் வாங்க வேண்டும் என்றில்லைங்க. ஈரோடு, நாமக்கல் ஏ.ஆர்.டி. மையத்துக்கு (எச்.ஐ.வி. மருந்து தரும் அரசு மையம்) மாற்றிக்கொள்ளலாம், மருந்து எங்கேயும் இலவசம். சிறையில் இருந்தபோது பதிந்திருந்த மையத்தில் மாற்றுக் கடிதம் கேளுங்கள். கடிதம் கிடைக்கத் தாமதமானால் வெறுங்கையோடாவது போய் ஆலோசகரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். தங்க இடமில்லை, பஸ்ஸுக்குக் காசில்லை, எதிரே வருகிறவன் பார்வை சரியில்லை என்று வெளியே வந்த புதிதில்தான் பலர் மருந்தை விட்டுவிடுகிறார்கள். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். சந்தேகம் இருந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து வரச் சொல்கிறார்கள். ஜெயிலுக்குப் போனதையும் சொல்லணுமா?

பதில்: இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள். எச்.ஐ.வி. பரிசோதனையை வேலைக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம். 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. 100 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் (எத்தனை முதலாளிகளுக்கு இது தெரியும் என்பது வேறு கதை). ஜெயில் விஷயத்துக்கு இந்தச் சட்டம் துணை வராது. கேட்காதபோது நீங்களாகச் சொல்ல வேண்டாம். படிவத்தில் கேட்டிருந்தால் பொய் எழுதாதீர்கள், பின்னால் அதையே சாக்காக்கி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: அம்மா எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து, திண்ணையில்தான் சோறு போடுகிறார்.

பதில்: சேர்ந்து சாப்பிட்டால் பரவாதுங்க. இரட்டைக் குவளை பார்த்த நம் ஊருக்குத் தனி டம்ளர் புதிதா என்ன! அம்மாவை ஒருமுறை மையத்துக்குக் கூட்டி வாருங்கள். நீங்கள் சொல்லி நம்பாததை டாக்டர் சொன்னால் நம்புவார்.

கேள்வி: ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் என் போட்டோவைப் போட்டு, 'எய்ட்ஸ்காரன், ஜெயில்காரன், யாரும் வீடு கொடுக்காதீர்கள்' என்று எழுதிவிட்டார்கள்.

பதில்: அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மேலே சொன்ன 2017 சட்டப்படி, எச்.ஐ.வி. உள்ளவர் மீது வெறுப்பைப் பரப்பினால் 3 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கோர்ட்டுக்குப் போனால் பெயர் வெளியாகுமே என்று தயங்காதீர்கள். புனைபெயரில் விசாரிக்கச் சொல்லிக் கேட்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.

கேள்வி: தம்பிக்குப் பெண் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம். மருந்தை ஒழுங்காக எடுத்து, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவில் துணைக்குப் பரவாது. ஆனால் பெண்ணிடம் எச்.ஐ.வி., ஜெயில் இரண்டையும் தம்பியே முன்கூட்டிச் சொல்லட்டும், தரகர் வழியாக வேண்டாம்.