“பையன் பந்தைத் தவிர எதையும் பார்ப்பதில்லை”: ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகனுக்குப் பதினாறு வயது. பள்ளிக் கால்பந்து அணியிலும் கிளப் அணியிலும் அவன்தான் ஸ்ட்ரைக்கர், கோல் அடிக்க முன்வரிசையில் நிற்பவன். புத்தகத்தைத் திறந்த பத்தாவது நிமிடம் மனம் மைதானத்துக்குப் போய்விடுகிறது. “படிப்பை நிறுத்திவிட்டு முழுநேரமும் ஆடப் போகிறேன்” என்று சொன்ன நாளிலிருந்து அவன் அப்பா அவனிடம் பேசுவதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள். “நீங்களே ஆடியவர், நீங்கள் சொன்னால் கேட்பான், படிக்கச் சொல்லுங்கள்” என்று கடிதத்தை முடித்திருக்கிறீர்கள்.

சொல்கிறேன். ஆனால் பந்தை விட்டுவிடு என்று என் வாயால் வராது. அவனிடம் நான் பேச விரும்புவது ஆட்டம் முடிகிற நாளைப் பற்றி. அதைப் பற்றி எனக்குப் பதினேழு வயதில் யாரும் பேசவில்லை.

நான் பதினான்கு பருவங்கள் ஸ்ட்ரைக்கரின் ஒன்பதாம் எண் சட்டை போட்டு ஆடியவன். பெரும்பாலும் இரண்டாம் நிலை லீக்தான். ஏ.சி.எல். என்று சொல்கிற முழங்கால் ஜவ்வு இரண்டு முறை அறுந்தது. முதல் முறை ஒன்பது மாதத்தில் திரும்பி வந்தேன். இரண்டாவது முறையும் திரும்பி வந்தேன், ஆனால் என்னைத் தடுக்க நிற்கும் டிஃபெண்டருக்கு முன்னால் பந்தை எட்டுகிற அந்த அரை அடி வேகம் திரும்பி வரவில்லை. முப்பத்திரண்டு வயதில் நிறுத்தினேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு அலாரம் இல்லாமலே விழிப்பு வந்துவிட்டது. பல் தேய்த்தேன். பையை எடுத்தேன். ஷின் கார்டு இருக்கிறதா என்று உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். வாசல் கதவைத் திறந்த பிறகுதான் போவதற்கு இடமில்லை என்பது உறைத்தது. பையைத் தோளிலிருந்து இறக்காமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்குக் கிளம்பி வந்த என் மகள், “அப்பா, இன்னைக்கு எங்க போறீங்க?” என்று கேட்டாள். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சில நாள் கழித்து ஒரு விண்ணப்பப் படிவம் நிரப்பும்போது ‘தொழில்’ என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. மற்ற கட்டங்கள் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு அந்த ஒன்றை வெறுமையாகவே விட்டுக் கொடுத்தேன்.

அதனால்தான், இப்போது பிள்ளைகளுக்குப் படிப்பு, வேலை பற்றி வழிகாட்டுகிற என்னிடம் பெற்றோர் வந்து “இவன் தேறுவானா?” என்று கேட்கும்போது என் கவலை வேறு பக்கம் போகிறது. தேறாவிட்டால் பதினெட்டு வயதில் தெரிந்துவிடும். அழுவான், எழுந்துவிடுவான், முன்னால் நிறைய காலம் இருக்கிறது. தேறிவிட்டால்? அப்போதும் முப்பதுகளில் ஒருநாள் அது முடியும். அந்த வயதில் கையில் வேறு எதுவும் இல்லாமல் நிற்பவனுக்கு விழுகிற அடி பலமானது.

உலகத்தின் மிகச் சிறந்த ஸ்ட்ரைக்கர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. பிரான்சின் ஜஸ்ட் ஃபோன்டேன் 1958 உலகக் கோப்பையில் மட்டும் 13 கோல் அடித்தார். ஒரே உலகக் கோப்பையில் அத்தனை கோல் அடித்தவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. கால் எலும்பு இரண்டு முறை முறிந்து 28 வயதில் ஆட்டம் முடிந்தது. நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன், ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருதை மூன்று முறை வாங்கியவர். கணுக்கால் கெட்டு, 1993இல் ஐரோப்பியக் கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தோடு சரி, அப்போது அவருக்கும் 28 வயதுதான். இரண்டு ஆண்டு சிகிச்சைக்குப் பிறகு 1995இல் ஓய்வை அறிவித்தார். இவர்களில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் தவறு செய்யவில்லை. உடம்பு ஒத்துழைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மகனிடம் நான் சொல்ல நினைப்பது டோஸ்டாவோவின் கதை. 1970இல் உலகக் கோப்பை வென்ற பிரேசில் அணியில் பெலேவோடு முன்வரிசையில் ஆடியவர். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒரு ஆட்டத்தில் பந்து கண்ணில் பட்டு விழித்திரை விலகியிருந்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்து கோப்பையை வென்றார். கண் மறுபடியும் தொந்தரவு கொடுக்க, 1973இல், 26 வயதில், ஆட்டத்தை விட்டார். விட்டுவிட்டு மருத்துவம் படித்தார். டாக்டரானார். பல ஆண்டுகள் கழித்துக் கால்பந்து பற்றி எழுதுபவராகத் திரும்பி வந்தார், அந்த எழுத்துக்கும் பெரிய மதிப்பு உண்டு. எனக்கு இதில் பிடித்தது, உலகக் கோப்பை வென்ற ஒருவர் முதலாண்டு மாணவனாக வகுப்பில் போய் உட்கார்ந்தது. அந்தப் பணிவு எளிதில் வராது. புத்தகத்தோடு உறவே அறுந்துபோனவனுக்கு அது வரவே வராது.

உறவு அறாமல் இருந்தால் போதும் என்றுதான் நான் கேட்கிறேன். தொண்ணூறு மதிப்பெண் கேட்கவில்லை.

“பயிற்சிக்கே நேரம் சரியாக இருக்கிறது, எங்கே படிப்பது?” என்பான். நானும் அப்படித்தான் சொன்னேன். உண்மையைச் சொல்கிறேன் அம்மா, தொழில்முறை ஆட்டக்காரனுக்குக் காலையில் மைதானம், அதன் பிறகு ஜிம், கொஞ்சம் ஃபிசியோ. மதியத்தோடு பெரும்பாலான நாள் முடிந்துவிடும். உடம்புக்கு ஓய்வு வேண்டும் என்பது சரி. ஆனால் ஓய்வு என்ற பெயரில் நான் பதினான்கு ஆண்டு மதியங்களைச் சோபாவில் படுத்துக் கழித்தேன். தினம் ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் ஒரு பட்டப்படிப்பு மட்டுமல்ல, அதற்கு மேலும் முடித்திருக்கலாம். கால் ஜவ்வு அறுந்து படுத்திருந்த மாதங்களில்கூட ஒரு புத்தகம் தொடவில்லை. பிறகு முப்பத்து மூன்று வயதில் தொலைநிலைக் கல்வியில் உளவியல் சேர்ந்தபோது, ஒரு பக்கத்தைப் படித்து முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

சரி, இப்போது அவன் ஆட்டத்தைப் பற்றி. நீங்கள் அவன் ஆடுவதை எத்தனை முறை முழுதாகப் பார்த்திருக்கிறீர்கள்? அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள். பந்தைப் பார்க்காதீர்கள், அவனை மட்டும் பாருங்கள். தொண்ணூறு நிமிடத்தில் ஒரு ஸ்ட்ரைக்கரின் காலில் பந்து இருப்பது எல்லாம் சேர்த்து மிகக் கொஞ்ச நேரம்தான். மீதி நேரம் என்ன செய்கிறான்? பந்து வருவதற்கு முன் தோளுக்குப் பின்னால் திரும்பி எத்தனை முறை பார்க்கிறான்? தன் அணி பந்தை இழந்ததும் திரும்ப ஓடுகிறானா, இடுப்பில் கை வைத்து நிற்கிறானா? கூட ஆடுகிறவன் தவறான பாஸ் கொடுத்தால் கையை விரித்துக் காட்டுகிறானா, கைதட்டி விடுகிறானா?

முக்கியமாக, கோல் தவறிய பிறகு வரும் ஐந்து நிமிடத்தைக் கவனியுங்கள். உயர்மட்ட லீக்குகளிலேயே சுமாராகப் பத்து ஷாட் அடித்தால் ஒன்றுதான் கோலாகிறது. அப்படியானால் ஸ்ட்ரைக்கரின் வேலையில் பெரும்பகுதி தவறவிடுவதுதான், அதுவும் எல்லோர் கண்ணுக்கும் முன்னால். நான் ஒரு அரையிறுதியில் ஆறு கஜத் தூரத்திலிருந்து தவறவிட்டேன். கோல்கீப்பர் தரையில் கிடந்தார். வலை முழுக்கக் காலி. பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது. அணி தோற்றது. மறுநாள் பயிற்சியாளர் என்னை மட்டும் மைதானத்துக்கு அழைத்துப்போனார். வீடியோ காட்டவில்லை, திட்டவில்லை. நேற்று நான் ஓட ஆரம்பித்த இடத்தில் நிற்க வைத்து அந்த ஓட்டத்தை மறுபடி ஓடச் சொன்னார். டிஃபெண்டரின் முதுகுப் பக்கம் போனது, நின்றது, முன்கம்பத்தை நோக்கி வெட்டியது, பந்து வருவதற்குச் சரியாக அரை நொடி முன்னால் போய்ச் சேர்ந்தது. “இந்த நாலும் சரியா இருந்துச்சு. அஞ்சாவதுதான் போச்சு. நாளைக்கும் இந்த நாலையும் செய்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இன்றைக்கு நேர்முகத் தேர்வில் தோற்று வந்து என் எதிரில் உட்காரும் பிள்ளைகளிடம் நான் அதே வேலையைத்தான் செய்கிறேன். எதெல்லாம் சரியாக இருந்தது என்று முதலில் எண்ண வைக்கிறேன். மைதானத்திலிருந்து நான் வீட்டுக்குக் கொண்டுவந்த பெரிய சொத்து அதுதான். உங்கள் மகனிடமும் அப்படி ஏதோ ஒன்று ஏற்கெனவே சேர்ந்துகொண்டிருக்கும். அது என்ன என்று உங்களுக்குத் தெரிந்தால், எந்தப் படிப்பு என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

ஆட்டம் முடிந்து வந்து, எதிரணி எங்கே இடம் விட்டது என்று தாளில் கோடு போட்டுப் பேசுகிறானா? அவனுக்கு, ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்து அலசுகிற வீடியோ அனலிஸ்ட் வேலை பொருந்தும். இன்று பெரிய கிளப் ஒவ்வொன்றிலும் அந்த வேலைக்கு ஆள் இருக்கிறார்கள், அதற்குக் கணக்கும் புள்ளியியலும் கம்ப்யூட்டரும் வேண்டும். அடிபட்டால் எந்தத் தசை, ஏன் வலிக்கிறது என்று துருவிக் கேட்பவன் ஃபிசியோதெரபி, விளையாட்டு அறிவியல் பக்கம் போகலாம், அதற்கு உயிரியலை இப்போதே விடக்கூடாது. சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பொறுமை உள்ளவனுக்குப் பயிற்சியாளர் வழி. சி, பி, ஏ, அதற்கு மேல் ப்ரோ என்று உரிமங்கள் படிப்படியாக இருக்கின்றன. ஆடிக்கொண்டே கீழ்ப்படிகளை முடித்தவர்கள் உண்டு. நடுவர், விளையாட்டுச் செய்தியாளர், கிளப் நிர்வாகம் என்று இன்னும் இருக்கிறது.

சட்டப் படிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐம்பதுகளில் பிரான்சின் செயின்ட் எட்டியென் அணிக்கு ஆடிய கேமரூன் நாட்டு ஸ்ட்ரைக்கர் யூஜின் ஞ்சோ லேயா, ஆடிக்கொண்டே சட்டம் படித்தவர். அந்தக் காலத்தில் பிரான்சில் ஆட்டக்காரனின் ஒப்பந்தம் முப்பத்தைந்து வயது வரை கிளப்பின் கையில்தான். அதை எதிர்த்து 1961இல் ஆட்டக்காரர்களின் சங்கம் உருவாக முன்நின்றவர்களில் அவர் ஒருவர். மேலே சொன்ன ஃபோன்டேன்தான் அதன் முதல் தலைவர். ஒரு ஸ்ட்ரைக்கர் படித்த சட்டம், அவருக்குப் பின்னால் வந்த எத்தனையோ பேருக்கு உதவியது.

படிப்பு விளையாட்டோடு சேர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. உலகக் கோப்பைகளில் மொத்தம் 16 கோல் அடித்து 2014இல் சாதனை படைத்த ஜெர்மனியின் மிரோஸ்லாவ் க்ளோசே தச்சுத் தொழில் பயின்றவர். இருபது வயதுவரை கீழ்நிலை லீக்குகளில்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டியின் பெயரை உங்கள் மகன் நிச்சயம் எடுப்பான். பதினாறு வயதில் கிளப் வேண்டாம் என்று அனுப்பியது, 2012இல் இருபத்தைந்து வயதில் லெஸ்டர் கிளப்புக்கு வந்தார், 2016இல் அங்கே முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக் பட்டம் வென்றார். எல்லாம் உண்மை. ஆனால் கீழ்நிலை லீக்கில் ஆடிய ஆண்டுகளில் அவர் பகலில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சம்பாதிக்க ஒரு வழி இருந்ததால்தான் அத்தனை ஆண்டு ஆட்டத்தை விடாமல் காத்திருக்க முடிந்தது. படிப்பையும் அவனுக்கு அப்படியே விளக்கலாம்: கையில் ஒரு தொழில் இருந்தால் பந்தை இன்னும் நீண்ட காலம் துரத்தலாம்.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டு அகாடமியில் சேர்த்துவிடுகிறேன், முன்பணம் கொடுங்கள் என்று யாராவது வந்தால் பணத்தையும் பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதை உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா சில விதிவிலக்குகள் தவிரத் தடை செய்திருக்கிறது. ஏஜெண்ட் என்பவருக்கு ஃபிஃபா உரிமம் வேண்டும். எந்தத் தாளானாலும் விவரம் தெரிந்தவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

அப்புறம் அவன் அப்பா. அவர் கோபத்தில் பயம்தான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பையனின் காதில் அது எப்படி விழும் என்று எனக்குத் தெரியும், என் அப்பாவும் இரண்டு வருடம் பேசவில்லை. நான் கோல் அடித்த ஒவ்வொரு முறையும் கண் அவர் இருக்கிறாரா என்று பார்வையாளர் பக்கம் தேடும். அவர் வந்த முதல் ஆட்டத்தில் நான் கோல் அடிக்கவில்லை, மாற்றி எடுத்துவிட்டார்கள். பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் அவர் சொன்னது என் காதில் ஏற ஆரம்பித்தது. அவரை ஒரு ஆட்டத்துக்கு உங்களோடு அழைத்துப் போங்கள். படிப்பைப் பற்றிய பேச்சை அதற்கு அடுத்த நாள் வைத்துக்கொள்ளலாம்.

படிப்பை நிறுத்தும் முடிவை இந்தப் பருவம் முடியும்வரை யாரும் எடுக்க வேண்டாம், அவனும் சரி, நீங்களும் சரி. அடுத்த வாரம் அவனை என்னிடம் அனுப்புங்கள். தனியாக வரட்டும், பூட்ஸோடு வரட்டும். பயிற்சி நேரத்தையும் தேர்வுத் தேதிகளையும் ஒரே தாளில் அவன் கையாலேயே எழுதிக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு நானும் அவனும் பேசுகிறோம்.