புட்டியைத் திருப்பிப் பாருங்கள்: காபி காக்டெய்ல் கேள்வி-பதில்

எஸ்பிரெஸ்ஸோ மார்டினி என்ற காபி காக்டெய்லை வாட்டில் விதைப் பாகு (வாட்டில் என்பது ஆஸ்திரேலிய அகேசியா மரம்; அதன் வறுத்த விதையில் காய்ச்சும் பாகு) ஊற்றிச் செய்வது பற்றிப் போன மாதம் நாலு வரி எழுதியிருந்தேன். வோட்கா 50 மி.லி., காபி லிக்கர் (காபி சுவையுள்ள இனிப்பு மது) 30, பாகு 10, ஒரு எஸ்பிரெஸ்ஸோ. பனிக்கட்டி போட்டு நன்றாகக் குலுக்கி வடிகட்ட வேண்டும், அவ்வளவுதான். வந்த கடிதங்களில் முக்கால்வாசி, வாங்கிய பொருளால் பட்ட அவஸ்தை. சுருக்கித் தருகிறேன்.

அக்கா, 50 கிராம் வாட்டில் விதைப் பொடி 14 டாலருக்கு வாங்கி ஒரு கரண்டியை ஷேக்கரிலேயே போட்டுக் குலுக்கினேன். கிளாஸ் அடியில் நறநறவென்று வண்டல். மண்ணைக் கலந்து விற்கிறார்களா? (வாசகர், டாண்டினாங்)

மண் இல்லை தம்பி. வறுத்து அரைத்த விதை எவ்வளவு குலுக்கினாலும் கரையாது. பாகாகக் காய்ச்சிக்கொள்ளுங்கள். ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் பொடி. கொதி வந்ததும் தீயைக் குறைத்து ஐந்து நிமிடம், அப்புறம் மூடிவைத்து அரை மணி. மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டி, துணியை முறுக்கிப் பிழியுங்கள். கடைசியில் சொட்டும் அந்த அடர்ந்த பாகில்தான் வாசனை அதிகம். மூக்கருகே கொண்டு போனால் முதலில் வறுத்த காபி, பின்னாலேயே ஹேசல்நட், கொஞ்சம் சாக்லேட். ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் வைத்துக்கொள்ளலாம். விதையில் காஃபீன் கிடையாது. அதனால் இரவில் தூக்கம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் காபியைக் குறைத்துப் பாகைக் கூட்டலாம்.

50 கிராம் வாங்கினீர்களே, அது நல்ல காரியம். நான் கிராம் கணக்கில் மலிவு என்று ஒரு முறை அரைக் கிலோ வாங்கினேன். ஒரு தடவைக்கு இரண்டு டீஸ்பூன்தான் செலவாகிறது. வருஷம் திரும்புவதற்குள் பை மரத்தூள் மாதிரி ஆகிவிட்டது, வாசனையே இல்லை. 350 கிராமைக் குப்பையில் கொட்டினேன்.

எங்கள் தெருவில் வாட்டில் மரம் காய்த்துக் கொட்டுகிறது. காசு கொடுத்து வாங்குவானேன்? (வாசகர், டூங்காபி)

வேண்டாம். ஆஸ்திரேலியாவில் அகேசியா இனங்கள் ஆயிரத்துக்குப் பக்கம் உண்டு. உண்ணத்தக்கவை சிலவே, விஷமுள்ளவையும் உண்டு. கடையில் பெரும்பாலும் கிடைப்பது அகேசியா விக்டோரியே. உங்கள் தெரு மரம் எது என்று உங்களுக்குத் தெரியாது.

வாட்டில் பூப் படம் போட்ட காபி லிக்கர் 79 டாலருக்கு வாங்கினேன். வெனிலா வாசனைதான் அடிக்கிறது. புட்டியில் எத்தனை சதவீதம் வாட்டில் விதை என்று எங்குமே போடவில்லை. இது சட்டப்படி சரியா? (வாசகி, வென்ட்வொர்த்வில்)

இந்தக் கேள்விக்காகத்தான் பல மாதமாகக் காத்திருக்கிறேன், தங்கச்சி. நானும் இப்படி ஒரு புட்டி வாங்கியிருக்கிறேன். மஞ்சள் பூ, சிவப்பு மண், புள்ளி வைத்த ஓவியம். வீட்டுக்கு வந்து திறந்தால் ஐஸ்கிரீம் கடை வாசனை. தயாரித்தவர்களுக்கு எழுதிக் கேட்டேன். "இயற்கைச் சுவையூட்டி சேர்த்திருக்கிறோம்" என்று ஒரே வரி பதில். எந்த மரத்தின் விதை, யார் பறித்தது, எவ்வளவு போட்டார்கள், ஒன்றுக்கும் பதில் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவில் பிஸ்கட் பாக்கெட்டில்கூட உட்பொருள் பட்டியல் போட வேண்டும். அதிகம் உள்ளது முதலில், குறைவாக உள்ளது கடைசியில். பீர், ஒயின், லிக்கர், ஸ்பிரிட் இவற்றுக்கு அந்தப் பட்டியலே கட்டாயமில்லை. 3 டாலர் பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்று தெரியும் அளவுக்குக்கூட 79 டாலர் புட்டியில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பாகு, சாக்லேட் போன்ற சாதாரண உணவுகளில் பெயரிலோ படத்திலோ முன்னிறுத்தும் பொருளின் சதவீதத்தைப் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் சுவைக்காகக் கொஞ்சமாய்ச் சேர்க்கும் பொருளுக்கு அதிலும் விலக்கு. அந்த இடுக்கு வழியாகத்தான் இந்த மஞ்சள் பூவெல்லாம் வெளியே வருகிறது.

கங்காரு முத்திரையும் இங்கே கைகொடுக்காது. பச்சை முக்கோணத்துக்குள் கங்காரு, கீழே எத்தனை சதவீதம் உள்நாட்டுப் பொருள் என்று காட்டும் பட்டை, அது 1 ஜூலை 2018 முதல் பல உணவுகளுக்குக் கட்டாயம். மதுவும் காபியும் தேநீரும் அந்தப் பட்டியலில் இல்லை. எந்த நாட்டுத் தயாரிப்பு என்று எழுத்தில் போட்டால் போதும். நாட்டுத் தாவரம் என்றால் இங்கே விளைந்தது என்றும் நினைத்துவிடாதீர்கள். மக்கடேமியா குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் காடுகளின் மரம். இன்று தென்னாப்பிரிக்காவிலும் சீனாவிலும் தோட்டம் தோட்டமாக நிற்கிறது. ஃபிங்கர் லைம் என்ற விரல் வடிவ நாட்டு எலுமிச்சை கலிபோர்னியாவிலும் காய்க்கிறது.

எனக்கு ஆத்திரம் வருவது அந்த ஓவியத்தைப் பார்க்கும்போது. வாட்டில் விதையை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வறுத்து அரைத்து மாவாக்கி உண்டவர்கள் பூர்வகுடி மக்கள். எந்த மரத்து விதை உண்ணத்தக்கது என்பது அவர்கள் பாட்டிமார் சொல்லிக்கொடுத்த அறிவு. இன்று இந்தத் தொழிலில் அவர்கள் கைக்குப் போவது மிகச் சிறிய பங்கு. புட்டியில் மட்டும் அவர்கள் ஓவியத்தைப் போல ஒன்று. இந்தோனேசியாவில் செய்த பூமராங்கைப் பூர்வகுடிக் கைவேலை என்ற தோற்றத்தில் விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019ல் கூட்டாட்சி நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. ஆக, ஏமாற்றும் தோற்றத்தைத் தண்டிக்கச் சட்டம் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். தயாரிப்பாளருக்கு எழுதி, வாட்டில் விதை உண்மையில் சேர்க்கப்பட்டதா என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்றாலோ மழுப்பினாலோ, அந்தப் பதிலோடு நியூ சவுத் வேல்ஸ் ஃபேர் டிரேடிங் என்ற மாநில நுகர்வோர் அலுவலகத்தில் புகார் கொடுங்கள், தேசிய நுகர்வோர் ஆணையமான ஏசிசிசிக்கும் ஒரு பிரதி. சொன்ன வர்ணனைக்குப் பொருந்தாத பொருளைத் திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு, திறந்த புட்டியாக இருந்தாலும். அடுத்த முறை வாங்குவதற்கு முன் சப்ளை நேஷன் பட்டியலைப் பாருங்கள்; குறைந்தது பாதியாவது பூர்வகுடியினருக்குச் சொந்தமான நிறுவனங்களைச் சரிபார்த்து அதில் சேர்க்கிறார்கள். வெறும் காபி லிக்கரை வாங்கி, வாட்டில் பாகை நீங்களே காய்ச்சி ஊற்றினால் கிளாஸில் என்ன இருக்கிறது என்று உங்களுக்காவது தெரியும்.

மிஸ்டர் பிளாக் காபி லிக்கர் ஆஸ்திரேலியச் சரக்குதானே? (வாசகர், கிளேட்டன்)

2013ல் சிட்னிக்கு வடக்கே சென்ட்ரல் கோஸ்டில் தொடங்கியது. 2022 முதல் பிரிட்டனின் மது நிறுவனமான டியாஜியோவுக்குச் சொந்தம்.

லெமன் மிர்ட்டில் (எலுமிச்சை மணமுள்ள இலை கொண்ட நாட்டு மரம்) எண்ணெய் 28 டாலருக்கு வாங்கி, கோல்ட் புரூ (குளிர்ந்த நீரில் ஊறவைத்த காபி) காக்டெய்லில் நாலு சொட்டு விட்டேன். நாக்கும் தொண்டையும் எரிந்தது. கடைக்காரர் பணம் தர மறுக்கிறார். (வாசகர், டார்னீட்)

நீங்களே அனுப்பிய புகைப்படத்தில் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று தெளிவாக இருக்கிறது. பணம் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அந்த எண்ணெயில் 90 சதவீதத்துக்கு மேல் சிட்ரால் என்ற எலுமிச்சை மண வேதிப்பொருள். அறைக்கு வாசனை பிடிக்க விற்பதை வயிற்றுக்குள் விட்டிருக்கிறீர்கள். விருந்தாளிகளுக்கும் கொடுத்தேன் என்று வேறு எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்துத்தான் எனக்குப் பொறுமை போனது. யாருக்காவது இன்னும் எரிச்சல் இருந்தால் இப்போதே 13 11 26க்கு அழையுங்கள்; அது விஷத் தகவல் மையம்.

லெமன் மிர்ட்டில் வேண்டுமென்றால் சமையலுக்கென்று விற்கும் காய்ந்த இலை மூன்று, 200 மி.லி. வோட்காவில் ஓர் இரவு. காலையில் இலையை எடுத்துவிடுங்கள். விட்டால் யூகலிப்டஸ் தைலம் குடித்த மாதிரி இருக்கும்.

எஸ்பிரெஸ்ஸோ மெஷின் இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை ஃபில்டர் இருக்கிறது. அதற்காக 600 டாலர் மெஷின் வாங்கவா? (வாசகி, பாயின்ட் குக்)

வாங்காதீர்கள் அம்மா. "15 பார் அழுத்தம்" என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்ததை நம்பி நான் ஒரு மெஷினுக்கு 700 டாலர் கொடுத்தேன். எஸ்பிரெஸ்ஸோவுக்கு 9 பார் போதும். கொட்டையைச் சரியாக அரைக்கும் கிரைண்டர்தான் முக்கியம், அது என்னிடம் இல்லை. மெஷின் இப்போது அலமாரியின் மேல் தட்டில் கிடக்கிறது.

முதல் டிகாஷன் கெட்டியாக 40 மி.லி. எடுத்து நன்றாக ஆறவிடுங்கள், சூடாக ஊற்றினால் பனிக்கட்டி கரைந்து நீர்த்துவிடும். ஃபில்டரில் அழுத்தம் இல்லாததால் எஸ்பிரெஸ்ஸோவின் நுரை வராது. கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்துக் குலுக்கிப் பாருங்கள், விரல் கனத்துக்கு நுரை நிற்கும். உங்கள் தூளில் சிக்கரி இருந்தால் வாட்டில் பாகைப் பாதியாக்குங்கள். இரண்டும் வறுத்த கசப்பு, ஒன்றை ஒன்று அமுக்கிவிடும்.

ஷேக்கர் மூடி ஒழுகுகிறது. "தள்ளுபடிப் பொருள், திருப்பி எடுக்க மாட்டோம்" என்கிறது கடை. பில்லும் தொலைந்துவிட்டது. (வாசகர், பிளாக்டவுன்)

தள்ளுபடியில் வாங்கினாலும் பழுதான பொருளுக்கு உரிமை போகாது. அப்படிப் பலகை வைப்பதே சட்டவிரோதம். பில்லுக்குப் பதில் வங்கி ஸ்டேட்மென்ட் போதும். ஒழுகும் ஷேக்கர் ஷேக்கரே அல்ல. பணமா மாற்றா என்று நீங்கள் சொல்லுங்கள், கடை சொல்லக் கூடாது.

நான் ஊறவைக்கும் வாட்டில் வோட்காவை நண்பர்கள் விலைக்குக் கேட்கிறார்கள். (வாசகர்)

உரிமம் இல்லாமல் விற்காதீர்கள். வீட்டில் சாராயம் காய்ச்சி வடிப்பது சொந்த உபயோகத்துக்கானாலும் குற்றம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மகன் வீடு குடிபுகுகிறான் என்று, மூன்று புட்டி காபி லிக்கரும் ஃபிங்கர் லைமும் சேர்ந்த பரிசுப் பெட்டியை முகநூல் விளம்பரத்தில் பார்த்து 145 டாலர் கட்டினேன். ஐந்து வாரம் ஆயிற்று. இப்போது அந்த இணையதளமே இல்லை. மகனிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. (ஓர் அம்மா, ஸ்பிரிங்வேல்)

அம்மா, வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. இதைச் செய்கிறவர்களுக்கு இதுதான் முழுநேர வேலை. படித்தவர், வக்கீல், வங்கி ஊழியர் எல்லாரும் சிக்குகிறார்கள்.

இன்றே வங்கிக்குப் பேசுங்கள். அட்டையில் கட்டியிருந்தால் "சார்ஜ்பேக்" (கட்டிய பணத்தை வங்கி திரும்பப் பெற்றுத் தருவது) வேண்டும் என்று அந்தச் சொல்லையே சொல்லுங்கள். பொருள் வரவில்லை என்பது அதற்கு ஏற்ற காரணம். அதற்குக் கெடு உண்டு, அதனால் நாளைக்கு என்று வைக்காதீர்கள். நேரடிப் பணமாற்றம் என்றால் கடினம், ஆனாலும் புகார் பதிவாக வேண்டும். விளம்பரத்தின் படம், கட்டிய ரசீது, வந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எடுத்து வையுங்கள். ஸ்கேம்வாட்ச் என்ற அரசு மோசடிப் புகார் தளத்திலும் தெரிவியுங்கள். வங்கி கையை விரித்தால் ஆஃப்கா என்ற நிதிப் புகார் ஆணையத்திடம் போகலாம், கட்டணம் இல்லை. இனி இணையத்தில் மது வாங்குமுன் மது உரிம எண் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். விக்டோரியாவில் அதைக் காட்டியே ஆக வேண்டும்.

மகனிடமும் சொல்லிவிடுங்கள். வங்கியோடு ஆங்கிலத்தில் மன்றாட அவன் பக்கத்தில் இருந்தால் உங்களுக்குப் பாரம் குறையும். வங்கி என்ன பதில் சொன்னது என்பதை அப்படியே எனக்கு எழுதுங்கள், அடுத்த கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.